அழகியநம்பியின் அழுகை

ஆரியசாலையில் வத்தல் மண்டிகள் இருந்த சந்தில், கொல்லம் 1124 (1949) ஆனி மாதம் பிறந்த அழகியநம்பிக்குப் பசித்தால் பக்கத்து வீட்டு ராஜமணி அழுவாள். அவனுக்கு வயிறு பொருமினாலும், எறும்பு கடித்தாலும், துணி நனைந்து குளிர்ந்தாலும் அழுகை அவள் வாயிலிருந்துதான் வரும். அவன் கூரையைப் பார்த்தபடி மைனர் மாதிரிக் கிடப்பான். திருவிதாங்கூரையும் கொச்சியையும் ஒன்றாக்கிய வாரம் அது. இனி எந்த ஆபீஸ் எங்கே போகும், வத்தல் என்ன விலைக்குப் போகும் என்று ஆண்கள் கடைவாசலில் நின்று பேசியே பொழுதைப் போக்கினார்கள். எந்தப் பிள்ளை எந்த வீட்டில் அழுகிறது என்று கவனிக்க அவர்களுக்கு நேரமில்லை.

இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவர் ஒன்றுதான். அதுவும் கூரை வரை போகாமல் ஆள் உயரத்துக்கு மேல் நின்றுவிட்ட சுவர். இந்தப் பக்கம் மண்டியில் சரக்குப் பார்க்கும் கோலப்பனும் அவர் மனைவி உலகம்மையும். அந்தப் பக்கம் அதே மண்டியில் தராசுக்கு நிற்கும் பகவதிப்பெருமாள், மனைவி மங்கலம், தாயார் முத்தாரம்மாள். இரண்டு குடும்பமும் நாஞ்சில் நாட்டிலிருந்து பிழைக்க வந்தவை. தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்குப் போவதுதான் முறை. உலகம்மைக்கும் தாய் இல்லை, மங்கலத்துக்கும் தாய் இல்லை. ஆகவே இரண்டு பேரும் ஒரே நாளில் இங்கேயே பெற்றார்கள். மருத்துவச்சியும் ஒருத்தியே. காலையில் அந்தப் பக்கம் ராஜமணியை எடுத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு இந்தப் பக்கம் வந்து அழகியநம்பியை எடுத்தாள். அவன் அழவில்லை. தலைகீழாகப் பிடித்து முதுகில் இரண்டு போட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் தூங்கிக்கொண்டிருந்த ராஜமணி வீறிட்டாள். அழகியநம்பிக்கு மூச்சு வந்தது, உடம்பு சிவந்தது. மருத்துவச்சி சற்று நேரம் சுவரையே பார்த்தாள். பிறகு பிள்ளை நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வெற்றிலை கேட்டாள்.

பின்கட்டில் சுவரை உடைத்து ஒரு சின்ன வாசல் வைத்திருந்தார்கள். அதன் வழியாக இரண்டு தாய்மாரும் ஒருத்திக்கு ஒருத்தி அம்மாவாக இருந்துகொண்டார்கள். உலகம்மைக்குப் பச்சைப் பிள்ளையைக் குளிப்பாட்டப் பயம். வழுக்கி விழுந்துவிடும் என்பாள். மங்கலத்துக்குக் கை உறுதி. அவள் காலை நீட்டி உட்கார்ந்து, முதலில் ஒன்று, பிறகு ஒன்று என்று இரண்டு பிள்ளைகளையும் கால்மேல் கிடத்தி எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றுவாள். உலகம்மை இரண்டு வீட்டுக்கும் சேர்த்து உரைமருந்து உரைப்பாள், சாம்பிராணி போடுவாள், பிரசவ மருந்து கிண்டுவாள். ஒருத்தி சாப்பிடும்போது மற்றவள் பிள்ளையைப் பார்த்துக்கொள்வாள். சந்தே அவர்களைப் பார்த்துக் கண் வைத்தது.

பன்னிரண்டாம் நாள் உலகம்மைக்கு விஷயம் தெரிந்தது. மத்தியானம் மகனுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். இருமல் வந்து அவன் வாய் நழுவியது. உடனே அந்தப் பக்கம் ராஜமணி அழுதாள். காம்பை மீண்டும் வாயில் வைத்தாள், அழுகை நின்றது. உலகம்மை சும்மா இருந்திருக்கலாம். எடுத்துப் பார்த்தாள்; அழுகை. வைத்தாள்; அமைதி. மூன்று தடவை செய்தாள். மூன்றாவது தடவை அந்தப் பக்கம் மங்கலம், 'ஏன் மக்களே, ஏன் மக்களே' என்று பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கும் சத்தம் கேட்டது. உலகம்மைக்கு உடம்பெல்லாம் வேர்த்தது. ஆனால் உள்ளுக்குள் முதலில் வந்தது பயம் அல்ல, ஓர் ஆறுதல். தன் பிள்ளை அழாது. பிள்ளை ஏன் அழவில்லை என்ற கவலையில் அவள் பன்னிரண்டு நாளாகத் தூங்கவில்லை. மகனை அணைத்துக்கொண்டு அப்படியே தூங்கிப்போனாள்.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தாள். மறுநாள் குளிப்பாட்டும்போது சொல்லலாம் என்று நினைத்தாள். மறுநாள் பிள்ளையைப் பார்க்க வந்தவர்கள், தங்கக்கட்டி, பெற்றவளைப் படுத்தாத பிள்ளை, தாய் பொறுமைசாலி என்றால் பிள்ளையும் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த வார்த்தை இனித்தது. சொன்னால் அழாத பிள்ளையைப் பேய்ப்பிள்ளை என்பார்கள் என்று ஒரு காரணமும் கையோடு கிடைத்தது. காரணம் என்னமோ உண்மைதான். ஆனால் ஆறின சோறு சாப்பிட வேண்டாம், பாதிக் குளியலில் எழுந்து ஓட வேண்டாம் என்பதுதான் பெரிய காரணம் என்று உலகம்மைக்குத் தெரியும். தெரிந்தேதான் வாயை மூடிக்கொண்டாள்.

அந்தப் பக்கம் மங்கலம் உருகிக்கொண்டிருந்தாள். இரண்டு பிள்ளைகளின் அழுகையும் ஒரே வாயில் வந்தால் எந்தத் தாய் தாங்குவாள்? பால் கொடுத்தாலும் ராஜமணி அழுதாள், வயிறு நிறைந்த பிறகும் அழுதாள். முத்தாரம்மாள் முதலில் கண்ணேறு என்றாள், உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள். பிறகு மருமகள் பத்தியம் தவறுகிறாள் என்றாள். கடைசியில் இவள் பாலே சரியில்லை என்றாள். உலகம்மை வாசல் வழியாகப் போய் ராஜமணியை வாங்கிக்கொண்டு வருவாள். தன் வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தி, தன் மகனுக்குப் பால் கொடுப்பாள். ராஜமணி வாயை மூடித் தூங்கிவிடுவாள். தூங்கும் பிள்ளையைத் திருப்பிக் கொடுக்கும்போது மங்கலம் கண்ணில் நீரோடு அவள் கையைப் பிடித்துக்கொள்வாள். உலகம்மையின் கைராசி ஆரியசாலை முழுக்கப் பரவியது. அழுகிற பிள்ளைகளை அவளிடம் கொண்டுவந்து காட்டவும் ஆரம்பித்தார்கள்.

நாற்பத்தைந்தாம் நாள் ராஜையன் வைத்தியர் வந்து மங்கலத்தின் பாலை ஒரு கிண்ணம் தண்ணீரில் விட்டுப் பார்த்தார். பாலில் தோஷம் இருக்கிறது, நிறுத்திவிட்டுப் பசும்பாலில் தண்ணீர் கலந்து கொடுங்கள் என்றார். பால் வற்ற மாரில் மல்லிகைப்பூ வைத்துக் கட்ட வேண்டும். முத்தாரம்மாளின் விரல்கள் வாதத்தில் மடங்கியிருந்தன. ஆகவே சாலைக் கடைத்தெருவிலிருந்து வந்த பூப்பொதி உலகம்மையின் கைக்கு வந்தது.

மங்கலம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மார் கல்லாக இறுகியிருந்தது. உலகம்மை பூவை அள்ளி வைத்து, பழைய வேட்டித் துணியால் சுற்றிக் கட்டினாள். ஈரப் பூவோடு பாலும் சேர்ந்து மணத்தது. இரண்டாவது சுற்றுச் சுற்றும்போது மங்கலம் கேட்டாள்.

"ஏளா உலகு, எம் பிள்ளைக்கு என்னதான் வேணும்? நான் என்னத்தக் குடுத்தா அது அழாம இருக்கும்?"

"எனக்குத் தெரியல்லக்கா" என்று உலகம்மை சொன்னாள். சொல்லிக்கொண்டே முடிச்சை இறுக்கினாள்.

நான்கு நாளில் பால் வற்றியது. அழுகை வற்றவில்லை. பசும்பால் ஒத்துக்கொள்ளாமல் ராஜமணிக்கு வயிறு போயிற்று. கண் குழிந்து, உச்சிக்குழி தாழ்ந்து, அழுகை பூனைக்குட்டிச் சத்தமாகச் சுருங்கியது. அன்று உலகம்மை யாரையும் கேட்காமல் வாசல் வழியாகப் போனாள், பிள்ளையைப் பிடுங்காத குறையாக எடுத்து மாரில் போட்டுக்கொண்டாள். ஒரு பக்கம் ராஜமணி, மறு பக்கம் அழகியநம்பி. எட்டு மாதம் இரண்டு பேருக்கும் கொடுத்தாள். ராஜமணி பிழைத்தாள். முத்தாரம்மாள் சபையறிய உலகம்மையைத் தெய்வம் என்றாள். மங்கலம் பக்கத்தில் உட்கார்ந்து, தன் மகள் இன்னொருத்தியிடம் குடிப்பதைப் பார்த்துக்கொண்டே இரண்டு வீட்டுத் துணியையும் மடித்து வைப்பாள். அவளுக்கு அதற்கப்புறம் குழந்தை பிறக்கவில்லை. மறுபடி பால் ஊறவும் இல்லை.

வருஷங்கள் போயின. பிள்ளைகள் நடந்தார்கள், பேசினார்கள், பள்ளிக்கூடம் போனார்கள். அழகியநம்பி சிரிப்பான், சண்டை போடுவான், பொய் சொல்லுவான். அழ மட்டும் மாட்டான். நான்கு வயதில் கொதிக்கிற கஞ்சிப்பானை அவன் காலில் சரிந்தது. அவன் காலைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்தப் பக்கம் ராஜமணி தரையில் விழுந்து புரண்டாள். மங்கலம் அவள் பாவாடையை உருவித் தேளா பூரானா என்று தேடினாள். கடிவாய் கிடைக்கவில்லை என்றாலும் விஷத்துக்கு மூன்று நாள் கசப்புக் கஷாயம் புகட்டினார்கள். உலகம்மை கதவைச் சாத்திக்கொண்டு மகன் காலுக்கு மருந்து போட்டாள். காலில் போட்டிருந்த கட்டைப் பார்த்து மங்கலம் கேட்டபோது, அது முந்தின நாளே சுட்டது என்று சொன்னாள். அந்த மூன்று நாளும் சுவருக்கு மேலாகக் கஷாய வாடை வந்தது. உலகம்மைக்குச் சோறு இறங்கவில்லை. இறங்கவில்லை என்றால் என்ன? வாய் திறக்கவில்லையே.

1956-இல் தென் தாலுகாக்கள் மதராஸ் ராஜ்யத்தோடு சேரப்போகின்றன என்பது உறுதியானது. மண்டி முதலாளி கோட்டாற்றில் ஒரு கிளை திறந்து, அதற்குக் கோலப்பனை அனுப்பத் தீர்மானித்தார். சாமான் கட்டிக்கொண்டிருந்த நாட்களில் ஒரு சாயங்காலம் ராஜமணி பள்ளிக்கூடத்திலிருந்து நேராக உலகம்மையிடம் வந்தாள். உள்ளங்கை இரண்டும் தடித்திருந்தன. வகுப்பில் காரணமில்லாமல் அழுதாளாம். ஏன் என்று கேட்டதற்குச் சொன்ன பதில் பொய் என்று டீச்சர் அடித்தாராம். அன்று காலை அழகியநம்பி மாமரத்திலிருந்து விழுந்திருந்தான்.

"சித்தி, அது எனக்க அழுகை இல்ல. எனக்க அழுகை எனக்குத் தெரியாதா? ஆரும் நம்ப மாட்டேங்காவ" என்றாள் அந்தக் குழந்தை.

உலகம்மை அந்தக் கைகளுக்கு எண்ணெய் போட்டுவிட்டாள். இங்கே இருக்கும் வரை, ராஜமணி அழுதால் ஓடிப்போய்த் தன் மகனைத் தேற்றவாவது முடிந்தது. இனி நாற்பது மைல். காரணம் தெரிந்த ஒரே ஆள் ஊரை விட்டுப் போகிறாள். இந்தப் பிள்ளை வாழ்நாள் முழுக்கப் பொய்க்காரி என்று அடி வாங்கும். ஏழு வருஷமாகச் சேர்த்து வைத்த மௌனம் அவளுக்கு அன்றுதான் நெஞ்சில் ஒரு சுமையாகத் தெரிந்தது.

வண்டி வந்து நின்ற பிறகுதான் சொன்னாள். மங்கலம் பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். உலகம்மை எதிரே குத்தவைத்து உட்கார்ந்து, பன்னிரண்டாம் நாள் மத்தியானத்திலிருந்து ஒன்று விடாமல் சொன்னாள். தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும்படி ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. மங்கலம் துவைப்பதை நிறுத்தவில்லை. நுரையைப் பார்த்துக்கொண்டே ஒன்றே ஒன்று கேட்டாள்.

"பூ கெட்டின அண்ணைக்கு ஒனக்குத் தெரியுமா?"

இல்லை என்று சொல்ல இடமிருந்தது. சொன்னால் மங்கலம் நம்பியிருப்பாள்.

"தெரியும்க்கா."

மங்கலம் துணியைப் பிழிந்து உதறினாள். கொடியில் போட்டாள். சுருக்கத்தை இழுத்துவிட்டாள். "செரி. நீ போ. வண்டிக்காரன் நிக்கான்" என்றாள்.

கோட்டாற்று வீட்டில் சுவர்கள் கூரையை முட்டி நின்றன. பக்கத்து வீட்டில் கிழவர் ஒருவர் தனியாக இருந்தார். அழகியநம்பி பள்ளிக்கூடம் போனான், வந்தான், சாப்பிட்டான். உலகம்மை அவன் முகத்தைப் பார்ப்பாள். அந்த முகத்தில் ஒன்றும் இருக்காது. பிள்ளைக்கு என்ன என்பதை இத்தனை வருஷமும் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டுத்தான் அறிந்திருக்கிறாள். அவன் முகத்தைப் படிக்க அவள் கற்றுக்கொள்ளவே இல்லை. சரக்கெடுக்கத் திருவனந்தபுரம் போய் வந்த கோலப்பன் ஒரு தகவல் கொண்டுவந்தார். மங்கலம் பள்ளிக்கூடத்துக்குப் போய் டீச்சரைப் பார்த்தாளாம். இவள் அழுதால் அடிக்க வேண்டாம், அது வேறொரு பிள்ளையின் அழுகை, முடியும்வரை வராந்தாவில் உட்கார விடுங்கள் என்றாளாம். டீச்சரும் அப்படியே செய்கிறாராம். நம்மைப் பற்றி ஏதாவது கேட்டாளா என்று உலகம்மை கேட்டாள். இல்லை என்றார் கோலப்பன்.

நவம்பர் முதல் தேதி இரண்டு ஊருக்கும் நடுவில் எல்லை வந்தது. கார்த்திகையில் மங்கலத்திடமிருந்து ஒரு தபால் கார்டு வந்தது. மங்கலம் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்துகள் கோணலாக இருந்தன. விலாசத்தைத் தவிர நலமா என்றோ, யாருக்கு என்றோ ஒன்றும் இல்லை. 'வியாழக்கிழமை உச்சைக்கு. ரொம்ப நேரம். கேளு.' உலகம்மை மகனை மடியில் இழுத்து வைத்து வியாழக்கிழமை மத்தியானம் என்ன நடந்தது என்று கேட்டாள். அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். திருவனந்தபுரத்தில் அவன் மலையாளத்தில் படித்தவன். இங்கே தமிழ் எழுத்துக் கூட்ட வரவில்லை. வகுப்பில் எல்லோரும் மலையாளத்தான் என்று சிரித்து, அவன் சோற்றுப் பாத்திரத்தைக் கிணற்றில் போட்டுவிட்டார்கள். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டாள். வந்த நாளிலிருந்து என்றான். மறுநாள் முதல் அவளே மத்தியானம் சோறு கொண்டுபோய்க் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து அரிச்சுவடி சொல்லிக்கொடுத்தாள்.

அதன் பிறகு வாரத்துக்கு ஒன்றிரண்டு வந்தன. 'செவ்வாய் காலம்பற. கொஞ்ச நேரம்.' 'ஞாயிறு. விழுந்திருப்பான், பாரு.' கார்டு என்றால் தபால்காரர் படிக்காமல் இருப்பாரா? தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது; பையனின் அழுகைக் கார்டு வந்திருக்கிறது என்று வாசலில் நின்று கூப்பிடுவார். யாரும் அதிசயப்படவில்லை. எல்லை தாண்டி நெல் போகிறது, வத்தல் போகிறது, இது வருகிறது என்று இருந்தார்கள். உலகம்மை ஒவ்வொரு கார்டையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். தனக்கென்று ஒரு வார்த்தை, ஒரு வசவாவது, எந்த மூலையிலும் இருக்காது. அவள் எழுதிய பதில்களுக்குப் பதில் வந்ததும் இல்லை.

மார்கழியில் ஒரு வாரம் கார்டே வரவில்லை. எட்டாம் நாள் ஒன்று வந்தது. உலகம்மை கை ஈரத்தைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். 'இந்த வாரம் ஒண்ணும் இல்ல. நல்லா இருக்கான்' என்று எழுதியிருந்தது. தபால்காரர் சைக்கிளை உருட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். உலகம்மை நடையிலேயே உட்கார்ந்து, நெடுநேரம் சத்தமில்லாமல் அழுதாள்.