அண்ணன் சீரும் ஆறு மாத வாடகையும்

தெருமுனையில் உறுமி மேளம் அதிர்ந்தது. அடுப்பில் பால் பொங்கும் நேரம். தமிழ்மதி கரண்டியைப் போட்டுவிட்டு மாடி வராந்தாவுக்கு ஓடினாள்.

கீழே, பேகம்பூர்ச் சந்துக்குள் ஒரு மினி லாரி நுழைந்துகொண்டிருந்தது. அதில் கட்டில், பீரோ, ஆள் உயர ஃபிரிட்ஜ். அதற்கு முன்னால் தாம்பாளம் ஏந்திய பெண்கள். எல்லோருக்கும் முன்னால் பட்டு வேட்டியில் ரோடு கான்ட்ராக்டர் உடையப்பன்.

தமிழ்மதி பாலசமுத்திரத்துக்காரி, மாவட்டக் கவுன்சிலர். கூட்டம், ஆய்வு என்று வாரத்தில் பாதி திண்டுக்கல்லில்தான். போக வர பஸ்ஸிலேயே பொழுது போனது. தங்க ஒரு வீடு வேண்டும். வாடகை யார் கொடுப்பது? கட்சியில் கேட்டதற்கு, தேர்தல் முடியட்டும் என்றார்கள். எந்தத் தேர்தல் என்று சொல்லவில்லை. கடைசியில் எதிர்க்கட்சிக் கவுன்சிலர் வத்தலக்குண்டு கௌசல்யாவும் அவளும் ஆளுக்குப் பாதி என்று பேசி, கமர்ஜஹான் வீட்டு மாடியைப் பிடித்தார்கள். இன்றுதான் பால் காய்ச்சிக் குடிபுகுகிறார்கள். தமிழ்மதியின் பாதி தென்னந்தோப்பிலிருந்து வர வேண்டும். தேங்காய் விலையோ படுத்துக் கிடந்தது.

உடையப்பன் மேலே வந்து தாம்பாளத்தை நீட்டினார். வெற்றிலை பாக்குக்கு நடுவே மஞ்சள் தடவிய கவர். அதில் ஆறு மாத வாடகை இருப்பதாகவும், இருவருக்கும் குலதெய்வம் ஒன்று என்பதால் இது அண்ணன் சீர் என்றும் சொன்னார். தமிழ்மதியின் கணவன் முகேஷ்குமார் அதற்குள் ஃபிரிட்ஜுக்கு இடம் பார்க்க ஆரம்பித்திருந்தான்.

அடுத்த மாதம் உடையப்பனின் ரோடு டெண்டர் அவள் கமிட்டிக்குத்தான் வருகிறது. சீரை வாங்கினால் அவள் கை கட்டுண்டுபோகும். வாசலோடு திருப்பினால், தாம்பாளம் தூக்கி வந்த அத்தனை பெண்களுக்கும் அவமானம். கோயில் வகையறாவில் ஒருவரும் இனி அவள் வீட்டு நல்லது கெட்டதுக்கு வர மாட்டார்கள். சமையலறை வாசலில் கௌசல்யா கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

தமிழ்மதி வந்தவர்களுக்குச் சந்தனம் குங்குமம் கொடுத்து உட்காரவைத்தாள். எல்லோருக்கும் பால் வந்தது. பிறகுதான் கேட்டாள்.

"ஏனுங்ண்ணா, நிசமாவே அண்ணந்தானுங்களே? நாளைக்கு மாத்திப் பேச மாட்டீங்களே?"

"என்ன தாயி இப்படிக் கேட்டுப்புட்ட? கூடப் பொறந்தவனா நெனச்சுக்க. மேளம் அடிச்சு ஊரையே சாட்சிக்குக் கூட்டியாந்திருக்கேன்ல."

தமிழ்மதி திரும்பினாள். "கௌசல்யாக்கா, டெண்டர்ல சொந்தக்காரங்களைப் பத்தி என்னமோ விதி இருக்குதுங்களே?"

கௌசல்யாவுக்கு அதற்கு மேல் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கவுன்சிலரின் அண்ணன் தம்பி யாரும் அவர் கமிட்டி வேலைக்கு டெண்டர் போட முடியாது என்று நிதானமாக விளக்கினாள். எதிர்க்கட்சி என்ற முறையில் அடுத்த கூட்டத்தில் இதைத் தானே எழுப்பப்போவதாகவும், மேளம் வந்த வீடியோ தன் போனில் இருப்பதாகவும் சேர்த்துக்கொண்டாள். படியில் நின்ற கமர்ஜஹான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அப்ப எடுத்துக்கறேனுங்ண்ணா" என்று தமிழ்மதி தாம்பாளத்தைப் பிடித்தாள். உடையப்பன் மறு விளிம்பை விடவில்லை. செத்த நேரம் தாம்பாளம் நடுவில் ஆடியது. முகேஷ்குமார் ஃபிரிட்ஜைக் கடைசியாக ஒருமுறை எட்டிப் பார்த்தான்.

உடையப்பன் தாம்பாளத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, கீழே நின்ற டிரைவரிடம் குரல் கொடுத்தார்.

"ஏலே அய்யனாரு, சாமானை எறக்காத, வண்டியத் திருப்பு. இந்தம்மா நம்ம கோயில் வகையறாவே இல்லையாம்டா."