நான்காம் வகுப்புக்கு வெள்ளம் வந்த நாள்

செல்வமேரி டீச்சர் தன் பாடக்குறிப்பேட்டில் ‘குறிஞ்சி நிலம்’ என்று எழுதிய மறுநாள் காலை ஒன்பதரை மணிக்கு, பள்ளியின் தண்ணீர்த் தொட்டிக்கும் வேப்பமரத்துக்கும் நடுவே பன்னிரண்டு அடி உயரத்தில் ஒரு குன்று நின்றது. தாம்பரத்துக்குக் கிழக்கே, ஏரிக்கரைக்குக் கீழே இருக்கும் அந்தத் தொடக்கப் பள்ளியில் அது 2025 ஜூன் மாதத்துச் செய்தி. குன்றில் தினை விளைந்திருந்தது, ஒரு தேன்கூடும் இருந்தது. நான்காம் வகுப்புப் பிள்ளைகள் இருபத்திரண்டு பேரும் ஏறி இறங்கி, சமூக அறிவியல் பாடத்தைச் சேர்ந்து வாசித்து முடித்ததும் குன்று போய்விட்டது. நெய்தல் வந்த அன்று வகுப்பறை வாசலில் மத்தி மீன் துள்ளியது. பாலை வந்தபோது மட்டும் சத்துணவு சமைக்கும் பச்சையம்மா புகார் சொன்னார்.

“இன்னா டீச்சர், சோத்துல ஒரே மணலா கீது?”

செல்வமேரி அதை ஒழுங்குக்குக் கொண்டுவரப் பார்த்தார். ‘மணல் போகட்டும்’ என்று எழுதினார், மணல் அசையவில்லை. கட்டளையாக எழுதினால் பலிக்காது, நோக்கம், செயல்பாடு, மதிப்பீடு என்று பாடமாக எழுதினால்தான் எதுவும் வரும், அந்தப் பாடம் முடிந்தால்தான் போகும் என்று அவருக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு புலி என்று எழுத வேண்டிய இடத்தில் புலியின் காலடித் தடம் என்று எழுதினார். ஜூலை, ஆகஸ்ட் அப்படியே கழிந்தன. தலைமையாசிரியர் ஸ்ரீரங்கன் வாரந்தோறும் குறிப்பேட்டில் கையெழுத்துப் போட்டார். பெற்றோர்களும் பழகிக்கொண்டார்கள்.

செப்டம்பரில் ‘வெள்ளம் வந்தால்’ என்ற பாடம் வந்தது. செல்வமேரி அதைத் தாண்டி அடுத்த பாடத்துக்குப் போனார். பச்சையம்மாவின் வீடு பள்ளிக்குப் பின்னால், பள்ளத்துத் தெருவில் இருந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அவர் வினிதாவை வயிற்றில் சுமந்துகொண்டு பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் இரண்டு நாள் கிடந்தவர். அந்த வினிதா இப்போது நான்காம் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

“அந்தப் பாடம் மட்டும் வோணாம் டீச்சர். உங்களுக்குப் புண்ணியமாப் போவும்.”

“எழுத மாட்டேன்க்கா” என்றார் செல்வமேரி.

கல்வி அலுவலர் கோகிலவாணி வியாழக்கிழமை ஆய்வுக்கு வருவதாகப் புதன்கிழமை சாயங்காலம் தகவல் வந்தது. விட்டுப்போன பாடம் என்று ஒன்று இருந்தால் அவர் மெமோ கொடுக்காமல் போவதில்லை. ஸ்ரீரங்கனுக்கு ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது. டீச்சர் வீட்டுக்குப் போன பிறகு அவர் அலமாரியைத் திறந்து குறிப்பேட்டை எடுத்தார். தன் கையால் எழுதினால் ஒன்றும் ஆகாது என்று நம்பினார். ‘ஏரி நிறைதல், கரை உடைதல், தெருக்களில் நீர் புகுதல்’ என்று செயல்பாடு வரை எழுதியபோது கரண்ட் போனது. மதிப்பீட்டுக் கட்டத்தைக் காலையில் நிரப்பிக்கொள்ளலாம் என்று மூடி வைத்தார்.

வியாழக்கிழமை வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. ஒன்பதரைக்குப் பிரார்த்தனை மணி அடித்ததும் மைதானத்து மண்ணிலிருந்து தண்ணீர் கொப்பளித்தது. பத்து நிமிடத்தில் முழங்கால், அடுத்த பத்தில் இடுப்பு. எல்லா வகுப்புப் பிள்ளைகளையும் மாடிக்கு ஏற்றினார்கள். கோகிலவாணி செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு படியில் நின்றார். பின்சுவருக்கு அப்பால் பள்ளத்துத் தெருவில் ஆட்கள் கூச்சலிட்டுக்கொண்டு மாடிகளில் ஏறினார்கள். பச்சையம்மாவின் வீட்டில் ஜன்னல் மறைந்தது.

“நான்தாம்மா எழுதினேன்” என்றார் ஸ்ரீரங்கன். குறிப்பேட்டை அவரிடம் நீட்டினார்.

செல்வமேரி அந்தத் தாளைக் கிழித்தார். தண்ணீர் நிற்கவில்லை. கிழிந்த தாளைச் சுவரில் வைத்து, காலியாக இருந்த மதிப்பீட்டுக் கட்டத்தில் எழுத ஆரம்பித்தார்: ‘மாணவர் சேர்ந்து வாசித்தல், வரிக்கு நான்கு விரல் நீர் வடிதல்.’

அவருடைய தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்த கோகிலவாணி பழக்கத்தில் சொல்லிவிட்டார்: “சேர்ந்து கத்துறது மதிப்பீடே இல்ல டீச்சர். தனித்தனியா வாசிக்கணும்.”

செல்வமேரியின் கையும் பழக்கத்தில் ‘சேர்ந்து’ என்பதை அடித்து, ‘ஒவ்வொருவரும் தானே’ என்று திருத்திவிட்டது. எழுதி முடித்த பிறகுதான் அவர் வினிதாவைத் திரும்பிப் பார்த்தார். வினிதாவுக்கு வாசிக்கத் தெரியாது. ஜூன் மாதத்திலிருந்து அவள் கூட்டத்தோடு வாயசைத்துக்கொண்டிருந்தாள். அது டீச்சருக்கும் தெரியும்.

மைதானத்தில் ஆள் கழுத்தளவு தண்ணீர் நின்றபோது முதல் பிள்ளை பாடத்தில் தன் வரியை வாசித்தாள். தண்ணீர் நான்கு விரல் இறங்கியது. இரண்டாவது பையன் திக்கித் திக்கி வாசித்தான், இறங்கியது. இருபத்தோராவதாக முகிலன் வாசித்து முடித்தபோது மைதானத்தில் கணுக்கால் அளவே மிச்சம். மிச்சமிருந்த வரி வினிதாவுடையது. முகிலன் அவள் காதில் சொல்லிக்கொடுக்க, அவள் அதை அப்படியே ஒப்பித்தாள். தண்ணீர் மளமளவென்று முழங்காலுக்கு ஏறியது. தெருவில் மறுபடி கூச்சல் எழுந்தது. அவள் பயந்துபோய் இன்னொரு தடவை ஒப்பித்தாள். இடுப்பளவு ஆயிற்று.

“யாரும் சொல்லித் தராதீங்க” என்று செல்வமேரி தரையில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். “உன்னை நான் விட்டுட்டேன் கண்ணு. தப்பு என்மேலதான். இப்ப ஒவ்வொரு எழுத்தா பாரு. இது என்ன?”

“மே.”

“அப்புறம்?”

“ட்... டு.” அவள் நிறுத்தினாள். “மேட்டு.”

படிக்கட்டின் கீழே இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்த பச்சையம்மா கத்தினார்: “அவசரப்படாத வினிதா! வூடு போனாப் போவுது, நீ நிதானமாப் படி!”

அந்த ஒரு வரிக்குப் பதினேழு நிமிடம் ஆனது. “மேட்டு நிலத்துக்குச் செல்ல வேண்டும்” என்று அவள் கடைசியில் தானாகச் சேர்த்து வாசித்தாள். தண்ணீர் வந்த வழியே மண்ணுக்குள் போயிற்று.

உயிர்ச் சேதம் இல்லை. பள்ளத்துத் தெருவில் நான்கு வீட்டு ஃப்ரிட்ஜும் பச்சையம்மாவின் அரிசி மூட்டையும் போயின. ஸ்ரீரங்கன் வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டார். கோகிலவாணி நனைந்த தாளில் ‘பார்வையிடப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்திட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அன்றிலிருந்து மதிய இடைவேளையில் செல்வமேரி வினிதாவோடு அரை மணி நேரம் உட்கார்ந்தார். அதைக் குறிப்பேட்டில் எழுதவில்லை. டிசம்பருக்குள் வினிதா பஸ்ஸின் முன்பலகையைத் தானே வாசித்து அம்மாவை ஏற்றிவிட்டாள்.

ஜனவரியில் போக்குவரத்துப் பாடம் வந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் செல்வமேரி குறிப்பேட்டைத் திறந்ததும் ஸ்ரீரங்கன் வாசலில் வந்து நின்றார்.

“பஸ்ஸா, ரயிலா டீச்சர்?”

“ரயில் சார். மின்சார ரயில்.”

அவர் இரண்டு கேட்டையும் திறந்து வைக்கச் சொல்லப் போனார். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பச்சையம்மா கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

“சிங்கப்பெருமாள் கோவில்ல நிக்குமா டீச்சர்? எங்க அக்காவப் பாக்கணும்.”

நிற்கும் என்று டீச்சர் செயல்பாட்டுக் கட்டத்தில் எழுதிக்கொண்டார்.