இன்னொரு காது

விடியலில் அக்காள்மடத்தில் ஒரு கல்யாணம். அதைப் படம்பிடித்து முடித்துவிட்டு இராமநாதபுரம் தாண்டி இந்தக் காதுகுத்துக்கு வந்து சேர்வதற்குள், கோகிலாவின் தோளில் தொங்கிய கேமரா குழவிக்கல்லாகக் கனத்தது. குலசாமி கோயிலுக்குள் ஃபிளாஷ் அடிக்கக் கூடாதென்று பூசாரி சொல்லிவிட்டார். உள்ளே மங்கல் வெளிச்சம். இருட்டை வெளுத்துக் காட்டும் ஐ.எஸ்.ஓ.வைக் கூட்டினால் படம் புள்ளிபுள்ளியாகும் என்று, கூடுதல் வெளிச்சம் உள்ளே வர ஷட்டர் வேகத்தைக் குறைத்தாள். மெதுவான ஷட்டரில் துளி அசைந்தாலும் படம் கலங்கிவிடும்; தூணில் சாய்ந்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அமுக்கினாள்.

படத்தில் எதிர்த்தூணும் தாய்மாமனும் துல்லியமாக விழுந்திருந்தார்கள். மாமன் மடியில் திமிறிய குழந்தையின் முகம் மட்டும் கலங்கியிருந்தது. தன் கை ஆடாமல் பார்த்துக்கொண்டவள், பிள்ளை ஆடும் என்பதை அசதியில் மறந்துவிட்டாள்.

"எம்புள்ள மூஞ்சியவே காணோமேக்கா?" என்றாள் எட்டிப் பார்த்த தாய் முருகலட்சுமி.

"இன்னொரு காது இருக்குல்ல தாயி," என்றார் ஒரு காதைக் குத்தி முடித்திருந்த ஆசாரி.

புள்ளி விழுந்தால் விழட்டும் என்று கோகிலா ஐ.எஸ்.ஓ.வை ஏற்றி, ஷட்டரை வேகமாக்கினாள். இந்தமுறை எதுவும் தப்பவில்லை: மிரண்ட கண், வீறிட்ட வாய், காதோரம் ஒரு பொட்டு ரத்தம்.

முருகலட்சுமி திரையை ஒருதரம்தான் பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"முதல்ல எடுத்தீகள்ல, அதையே ஆல்பத்துல போடுங்கக்கா."