ஒன்பதாம் ஆளின் நடை

அப்பாவின் சட்டைக்கு நாலாவது பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள் அவள். உயிர் போன உடம்பு விறைத்துப் போயிருந்ததால் தோள் வளைந்து கொடுக்கவில்லை. தம்பி ஒரு பக்கம் தூக்கிப் பிடித்திருந்தான். ஆஸ்பத்திரி பெஞ்சில் மூன்று நாள் உட்கார்ந்தே கிடந்ததில் அவளுக்கும் முதுகு விண்விண்ணென்று தெறித்தது. அந்த நேரம் பார்த்துத்தான் கதவருகே நின்ற எதிர்வீட்டு டெய்லர் கேட்டார்.

“ஏம்மா, அப்பாவோட நடை கம்ப்யூட்டர்ல இருக்காமே? இனிமேயும் இருக்குமில்ல?”

“இருக்கும்” என்றாள். வாய் தானாகச் சொல்லிவிட்டது. அடுத்த பொத்தானைத் தப்பான துளையில் மாட்டி, பிரித்து, மறுபடி மாட்டினாள்.

சாவு வீட்டில் அழுகிறவர்கள் கூடக் கொஞ்சம் ஓய்வெடுக்கலாம், பதில் சொல்கிறவர்களுக்கு அது கிடையாது. எத்தனை மணிக்கு உயிர் போனது, கடைசியாக என்ன சாப்பிட்டார், டாக்டர் என்ன சொன்னார் என்று வருகிறவர்களுக்கெல்லாம் ஒப்பித்து ஒப்பித்து அவளுக்கு நாக்கு வறண்டுவிட்டது. மாரடைப்பு வந்த மூன்றாம் நாள் விடியற்காலையில் போனார், அவ்வளவுதான் விஷயம். அதோடு விட்டார்களா என்றால் இல்லை. பழைய ஆபீஸ்காரர்கள், பால்காரர், சித்தப்பா என்று ஆளாளுக்கு அந்தக் கம்ப்யூட்டர் நடையையும் விசாரித்தார்கள். மனுஷன் ஊரெல்லாம் தண்டோரா போட்டு வைத்திருந்தார்.

அது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. அவளுக்கு ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. மனிதன் நடக்கும்போது இடுப்பெலும்பும் அதோடு சேருகிற மூட்டுகளும் எவ்வளவு பாரம் தாங்குகின்றன என்பதை, கம்ப்யூட்டருக்குள் ஒரு இடுப்பைச் செய்து நடக்கவிட்டுக் கண்டுபிடிக்கிற வேலை. செயற்கை மூட்டு செய்கிறவர்களுக்கு அந்தக் கணக்கு வேண்டும். அறுபது வயது தாண்டிய, நோய்நொடி இல்லாத இருபது பேர் தேவைப்பட்டார்கள். எட்டுப் பேரோடு ஆள் வறண்டுபோய் அவள் அல்லாடிக்கொண்டிருந்தபோது, “நான் ஒருத்தன் இல்லையா? காலம் பூரா நடந்தே பொழைச்சவன்” என்று அப்பா பஸ் ஏறி வந்துவிட்டார். வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்துக் குறித்த மனிதர். முப்பத்தைந்து வருஷம் ஏறின மாடிப்படியை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் மேகத்தைத் தொட்டிருக்கலாம்.

அரைக்கால் சட்டையோடு கூச்சப்பட்டு நின்றவர் உடம்பில், பளபளக்கும் சின்னச் சின்ன உருண்டைகளை அவளே ஒட்டினாள். சுற்றிலும் இருந்த பத்துக் கேமராவும் அந்த உருண்டைகளைத்தான் பார்க்கும். தரையில் பதித்த பலகை, கால் மிதிக்கிற பாரத்தை அளக்கும். எப்போதும் போல நடக்கச் சொன்னாள். பன்னிரண்டு தடவை நடந்தார். ஒவ்வொரு தடவையும் பரீட்சை எழுதிவிட்டு வந்த பிள்ளை மாதிரி அவள் முகத்தைப் பார்த்தார். ஆராய்ச்சியில் யாருக்கும் பெயர் கிடையாது, எண்தான். அவர் ஒன்பதாம் ஆள்.

ஒன்பதாம் ஆளால்தான் வந்தது வினை. அடிக்கு அடி அவருடைய இடுப்பெலும்பு இடப்பக்கம் சரிந்தது, முதுகும் கூடவே சாய்ந்தது. இடது மூட்டில் மற்றவர்களைவிட ஒன்றரை மடங்கு பாரம். எக்ஸ்ரேயில் ஒரு குறையும் இல்லை. வலிக்கிறதா என்று கேட்டால், இல்லவே இல்லை என்று சாதித்தார். பேராசிரியர் இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டுவிட்டு, இந்த ஆள் சராசரியையே கெடுக்கிறார், எடுத்துவிடு என்றார். அது தன் அப்பா என்று அவள் சொல்லவில்லை. எடுத்துவிட்டாள். அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

அப்பாவிடமும் சொல்லவில்லை. அதற்கப்புறம் போன் பேசும்போதெல்லாம், சாப்பாடு, மழை, தூக்கம் எல்லாம் விசாரித்துவிட்டு, வைப்பதற்கு முன்னால், “என் நடை என்ன பண்ணுது?” என்பார். “நடந்துட்டே இருக்குப்பா” என்பாள். முதல் தடவை சொன்னபோது உறுத்தியது, போகப் போக அதுவும் பழகிவிட்டது. இப்போது காலரை நீவிவிடும்போது, இந்த மனுஷனிடம் ஒரு உண்மையைச் சொல்ல மூன்று வருஷம் போதவில்லையே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

பதினொரு மணிக்கு எடுத்தார்கள். லிஃப்டுக்குள் பெட்டி நுழையாததால் மூன்று மாடியும் படிவழியாகவே இறக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் சித்தப்பா, பாத்து பாத்து என்று சொல்லிக்கொண்டே வந்தார். எல்லாம் முடித்துத் திரும்பியபோது மணி மூன்று. தம்பி செருப்பைக் கூடக் கழற்றாமல் சுவரில் சாய்ந்து தூங்கிப்போனான். அவளுக்கும் எங்கேயாவது விழுந்து கிடந்தால் போதும் என்றிருந்தது. அறைக்குள் போனால், கட்டிலின் ஓரத்தில் அம்மா உட்கார்ந்திருந்தாள்.

“அதக் கொஞ்சம் காட்டறியா?”

“எதும்மா?”

“உங்கப்பா நடக்கறத. எல்லாரும் கேக்கறாங்க, நான் இன்னும் பாக்கவே இல்ல. ஆளே எதிர்ல நடமாடறாரு, கம்ப்யூட்டர்ல வேற என்னத்தப் பாக்கன்னு இருந்துட்டேன்.”

அப்புறம் பார்க்கலாம் என்று தட்டிக்கழிக்கப் பார்த்தாள். அம்மா மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு காத்திருந்தாள். வேறு வழியில்லாமல் லேப்டாப்பைத் திறந்து, மிச்சப் பேரை வைத்துச் செய்த சராசரி நடையைப் போட்டாள். எலும்பு எலும்புதானே, அம்மாவுக்கு என்ன தெரியப்போகிறது? இப்படி நினைத்ததற்காகத் தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் போட்டாள்.

திரையில் தலையும் கையும் இல்லாமல் முதுகெலும்பும் இடுப்பும் இரண்டு கால்களும் மட்டும் நடந்தன. ஒரு பிசிறில்லாத நடை. அம்மா வெகுநேரம் பார்த்தாள்.

“இது யாரு?” என்றாள்.

அவள் லேப்டாப்பின் ஓரத்தை விரலால் துடைத்தாள்.

“நல்லாத்தான் நடக்கறாரு. ஆனா உங்கப்பா இல்லையே.”

அதற்கு மேல் அவளால் முடியவில்லை. “அப்பாவ நாங்க சேத்துக்கலம்மா. அவரு நடை மத்தவங்க மாதிரி இல்லன்னு எடுத்துட்டோம். நான்தான் எடுத்தேன்.”

கீழே வாடகை நாற்காலிகளை யாரோ ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

“அவருக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“அழிச்சிட்டியா?”

“இல்ல. தனியா இருக்கு.”

“அப்ப அதப் போடு. இந்த ஆள வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?”

தள்ளிவைத்தவற்றின் பட்டியலில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. ஒன்பது, இடப்பக்கச் சாய்வு, காரணம் தெரியவில்லை. எழுதியவள் அவளேதான். திறந்து, பின்னாலிருந்து பார்க்கிற மாதிரித் திருப்பி வைத்தாள். எலும்புகள் அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கின. இடுப்பு இடப்பக்கம் சரிந்து சரிந்து எழுந்தது. மூன்றாவது அடியிலேயே அம்மாவிடமிருந்து ஒரு பெருமூச்சு வந்தது.

“வலியாம்மா அவருக்கு? எங்கிட்ட மறைச்சாரா?”

“வலியா?” அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “அந்தப் பக்கம் நான்தானே வருவேன். அவரு தோளுக்குக்கூட எட்டமாட்டேன். நான் மெதுவாப் பேசறது ரோட்டுச் சத்தத்துல எங்க கேக்கும்? சாஞ்சு சாஞ்சு கேட்டுக்கிட்டேதான் நாப்பது வருஷமா நடந்தாரு.”

“அன்னிக்கு லேப்ல அவரு தனியாத்தாம்மா நடந்தாரு. கூட யாருமே இல்ல.”

அம்மா திரைக்குப் பக்கத்தில் நகர்ந்தாள். ஆள்காட்டி விரலை நீட்டி, அந்த எலும்புகளுக்கு இடப்பக்கம் காலியாக இருந்த இடத்தில் வைத்தாள். எலும்புகள் நடந்து நடந்து சிறிதாகி, திரையின் மேல்புறம் போய் நின்றன. விரலும் கூடவே போய் நின்றது. திரை ஒரு நொடி வெறுமையானது. அம்மா விரலைக் கீழே கொண்டுவந்து வைத்துக்கொண்டு, அவை மறுபடி கிளம்பும்வரை காத்திருந்தாள்.