தம்பி காதுக்கு மட்டும்

டிவியின் சத்தத்தை அவள் இன்னும் கூட்டினாள். ஆஸ்பத்திரி அறையில் இருந்த சொந்தபந்தமெல்லாம் திரும்பி முறைத்தது.

"சாகக் கிடக்கிற மனுஷன் பக்கத்துல என்னடி இது?" என்றாள் அத்தை.

"அப்பாவுக்குப் பிடிச்ச நியூஸ்தான் அத்தை. ஓடட்டும்."

பச்சைப் பொய். செய்தி வாசிப்பவர்களைக் கண்டாலே அப்பாவுக்கு ஆகாது. திரைச்சீலைக்கு அந்தப் பக்கம், சண்டை போட்டுக்கொண்டு போய் ஆறு வருடம் கழித்து வந்திருந்த அவள் தம்பியிடம் அவர் முனகிக்கொண்டிருந்தார். "அவன்கிட்ட மட்டும் ஒண்ணு சொல்லணும்மா" என்று காலையில் அவளிடம் கெஞ்சியிருந்தார். வெளியே போங்கள் என்றால் போகிற கூட்டமா அது? காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

ஒட்டுக்கேட்பவர்களைச் சமாளிப்பதுதான் அவள் பிழைப்பே. கம்பியில்லாமல் போகும் செய்தியை நடுவில் யாரும் பிடித்துவிடாமல் காக்கும் ஆய்வுக்கூடத்தில் வேலை. யாருக்குச் செய்தியோ அவர் இருக்கும் திசையை மட்டும் விட்டுவிட்டு, மற்ற திசைகளிலெல்லாம் வேண்டுமென்றே இரைச்சலைக் கொட்டுவார்கள். மற்றவர்கள் என்னதான் முட்டி மோதினாலும் இரைச்சல்தான் மிஞ்சும்.

டிவி போதாதென்று பெரியப்பாவிடம் வம்புக்குப் போனாள்.

"இத்தனை நாள் எட்டிப் பாக்கலையே, இன்னிக்கு மட்டும் என்ன பாசம் பொத்துக்கிட்டு வருது?"

பெரியப்பா குதித்தார். அத்தையும் சேர்ந்துகொண்டாள். அறை சந்தைக்கடை ஆயிற்று. கூட இருந்து பீ மூத்திரம் அள்ளியது அவள். கடைசிப் பேச்சு மட்டும் தம்பிக்கு. பொறாமையாகத்தான் இருந்தது. ஆனாலும் தொண்டை வறளக் கத்தினாள்.

திரைச்சீலை விலகியது. தம்பியின் முகத்தைப் பார்த்ததுமே அத்தை ஓவென்று அழுதாள்.

எல்லோரும் சாவுச் சேதி சொல்ல ஆளுக்கொரு போனோடு கலைந்த பிறகு, வராந்தா பெஞ்சில் தம்பி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"உங்கிட்ட சமாதானமாப் பேசினாரா?"

"என்னப் பத்திப் பேசவே இல்லக்கா. 'அக்கா மூஞ்சியப் பாத்துச் சொல்ல வாய் வரல, நீயே சொல்லிடு'ன்னார்."

"என்ன சொன்னார்?"

அவன் தரையைப் பார்த்தான்.

"சத்தத்துல கேக்கலக்கா. திருப்பிக் கேட்டேன். அவருக்குத் தெம்பு இல்ல."

இரைச்சல் கேட்க வேண்டியவர் பக்கமும் கசிகிறதா என்றுதான் ஆய்வுக்கூடத்தில் முதலில் பார்ப்பார்கள். அவள் பார்க்கவில்லை.

எழுந்து உள்ளே போனாள். கட்டிலருகே குனிந்து, அப்பாவின் வாயோடு காதை வைத்துக்கொண்டாள். நர்ஸ் வந்து தோளைத் தொடும்வரை அப்படியே இருந்தாள்.