வெட்டியதெல்லாம் நடந்தது

தணிக்கை அலுவலகத்தில் வெட்டிய காட்சிகள் மூன்றாம் நாள் ஊரில் அப்படியே நடந்தன. நாட்டுத் தலைவரைக் கேலி செய்த ஒரு சிரிப்புப் படத்தில், அவர் நாற்காலியோடு மேடையிலிருந்து விழும் காட்சியை வெட்டுக்காரர் திங்கட்கிழமை வெட்டினார். புதன்கிழமை பத்தாயிரம் பேர் முன்னால் தலைவர் விழுந்தார். தலைவர் மண்ணை வணங்கினார் என்று பத்திரிகைகள் எழுதின. கொளுத்தும் வெயிலில் வானொலி மழை என்று சொல்லும் காட்சியை வெட்டிய மூன்றாம் நாள், வானொலியை நம்பி ஊரே குடை பிடித்து நடந்தது. குடை விலை கொஞ்சம் ஏறியது. மேலிடம் மிரண்டுபோய் இன்னும் வெட்டச் சொன்னது. பட்ட காலிலே படும் என்பார்கள். தலைவர் அந்த மாதம் நான்கு முறை விழுந்தார்.

வெட்டுக்காரரின் கவலை வேறு. படத்தில் தலைவராக நடித்தவன் அவர் மனைவியின் தம்பி. நடித்த குற்றத்துக்காக ஏழு மாதமாக உள்ளே இருந்தான். மனைவி சாப்பாடு போடுவாள், பேசமாட்டாள். ஒரே ஒரு தடவை, "என் தம்பி மூஞ்சிய வெட்டிட்டு வந்து எப்படிங்க உங்களுக்குச் சாப்பாடு இறங்குது?" என்று கேட்டாள். அன்றிலிருந்து உண்மையிலேயே இறங்கவில்லை.

வெட்டாமல் விட்ட காட்சிகளில் ஒரு சிறைக் காட்சி இருந்தது. கைதிகள் தொண்ணூற்றொன்பது பேர் என்று மேலே அறிக்கை போய்விடுகிறது, எண்ணினால் நூறு. அறிக்கை தவறாக இருக்க முடியாதே! வரிசையில் கடைசியாக நிற்பவனை ஜெயிலர் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார். சிறையின் ஒழுங்கைக் காட்டுவதாக மெச்சி தணிக்கை அதிகாரி அதை அனுமதித்திருந்தார். சாப்பாட்டுப் பந்தி தவிர எந்த வரிசையிலும் மைத்துனன் கடைசி ஆள்தான் என்பது வெட்டுக்காரருக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை அதையும் வெட்டினார்.

"இதை ஏன்யா வெட்டினீங்க?" என்றார் அதிகாரி.

"எதுக்கு சார் வம்பு?"

அங்கே குறைவாக வெட்டி வேலை போனவர்கள் உண்டு. அதிகமாக வெட்டிக் கெட்டவர் யாருமில்லை. அதிகாரி கையெழுத்துப் போட்டார்.

ஞாயிறு மத்தியானம் மைத்துனன் எலும்பும் தோலுமாக வாசலில் வந்து நின்றான்.

"எண்ணிக்கை இடிக்குதாம்க்கா. போன்னுட்டாங்க."

அக்கா அவனைக் கட்டிக்கொண்டு ஏழு மாத அழுகையையும் அழுது தீர்த்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கணவனிடம் கேட்டாள்: "பக்கத்து வீட்டுக்காரரும் உள்ளதான் இருக்காரு. படத்துல இன்னும் ஏதாவது மிச்சம் இருக்கா?"

"தலைவர் படிச்சுப் பாக்காம எல்லாத்துலயும் கையெழுத்துப் போடுற காட்சி ஒண்ணு இருக்கு" என்று சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் அவர் அலுவலகத்துக்குக் கிளம்பினார்.