கூட்டம் முடியட்டும்

மனநலப் பிரிவுக்குத் தலைவரானதும் டாக்டரம்மா போட்ட முதல் உத்தரவே இதுதான். இனி மனநல மருத்துவர்கள் நோயாளியோடு உட்கார்ந்து நேரத்தைக் கரைக்கக் கூடாது. பேச்சுக்கு ஆலோசகர்கள் போதும். மருத்துவர்கள் மேலிருந்து வழிநடத்த வேண்டும். எதிர்காலமே அதில்தான் இருக்கிறதாம். அடேயப்பா, என்ன கைதட்டல்!

கைதட்டாதவர் ஒருவர்தான். 'மௌனசாமி' என்று எல்லோரும் கேலி செய்யும் மூத்த டாக்டர். நோயாளி தானாக வாய் திறக்கும்வரை ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்.

டாக்டரம்மாவின் தம்பியும் அவரிடம்தான் வந்துகொண்டிருந்தான். சொந்த ரத்தத்துக்கு வைத்தியம் பார்க்கக் கூடாது என்பது அந்தத் தொழிலின் கட்டுப்பாடு. காதுக்குள் குரல்கள் கேட்கும் நாட்களில் அக்காவிடமே பேசாதவன், அவரிடம் மட்டும் மனம் திறப்பான். உத்தரவு வந்தபின் ஆலோசகரிடம் மாற்றினார்கள். அந்தப் பெண் கேள்வி மேல் கேள்வி கேட்டாள். எழுந்து போனவன் மாத்திரையையும் நிறுத்திவிட்டான்.

இன்று அவனாகவே வந்திருந்தான். கூட்ட அறையின் கண்ணாடிக்கு வெளியே, பெஞ்சில், காலுக்கொரு செருப்பாக மாற்றிப் போட்டுக்கொண்டு. உள்ளே மனநல மருத்துவரின் நாளைய பங்கு பற்றிப் பேச்சு தூள் பறந்தது.

நர்ஸ் வந்து குனிந்தாள். "மேடம், உங்க தம்பி வந்திருக்காரு. சாரைத்தான் பாக்கணுமாம். பார்வையே சரியில்ல."

மௌனசாமி எழுந்துவிட்டார். "நான் போய்ப் பாக்கட்டுமாம்மா?"

டாக்டரம்மாவுக்கு 'போங்க' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் மேசையைச் சுற்றி அத்தனை கண்கள். ஊருக்கு ஒரு சட்டம், தம்பிக்கு ஒரு சட்டமா என்று நாளைக்கே நாக்கு மேல் பல்லைப் போட்டுப் பேசுவார்களே! பாழாய்ப்போன கௌரவம்.

"ஆலோசகர் பாப்பாங்க. நீங்க உக்காருங்க சார். கூட்டம் முடியட்டும்."

"உக்கார மட்டும்தாம்மா எனக்குத் தெரியும். ஆனா அங்க," என்று பெஞ்சைக் காட்டிவிட்டு, அவரும் கூட்ட நாற்காலியிலேயே உட்கார்ந்துதான் தொலைத்தார். நர்ஸ் வெளியே போய் அவனிடம், "கூட்டம் முடியட்டுமாம்" என்றாள்.

உத்தரவை ஆதரிக்கும் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. வெளியே வந்தால் பெஞ்சுக்கடியில் செருப்புகள் மட்டும் கிடந்தன.

தேடாத தெரு இல்லை. பொழுது சாயும்போது, பாலத்துக்கடியில், மௌனசாமிதான் முதலில் கண்டுபிடித்தார். டாக்டரம்மா ஓடி வந்தபோது அவர் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். அவன் பாதங்களில் ரத்தம்.

"ஏண்டா போன? சொல்லுடா! எதாவது பேசுடா!" என்று அழுதாள்.

அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். முன்பின் தெரியாதவர்களிடம் கேட்பதுபோல மரியாதையாகக் கேட்டான்.

"கூட்டம் முடிஞ்சுதா மேடம்?"